ஆகஸ்ட் மாத மைலேஜ்

எடுத்துக்கொண்டு போகட்டும். இந்த வண்டி கண்ணைவிட்டு மறைந்தால்தான் நான் ஒரு நல்ல மனிதரின் நல்ல மனைவியாக இருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியும். அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை இனி யாரிடம் போய்க் கேட்பது? வண்டியோடு வண்டியாக அதையும் யாராவது இழுத்துக்கொண்டு போகட்டும்.

ஐரின் இப்படி நினைத்துக்கொண்டுதான் வாசற்படியில் நின்றாள். போர்டிகோவில் அவள் மகன் அமலன், வண்டியை மூடியிருந்த தார்ப்பாயை உருவி உதறினான். பதினோரு மாதத் தூசி எழும்பி, அவன் தும்மினான். உள்ளே இருந்த வெள்ளி நிறச் சாண்ட்ரோ, தூக்கத்தில் எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி வெளிச்சத்தில் விழித்தது. இடது பக்கம் முன்கதவிலிருந்து பின்கதவு வரை நீளமாக ஒரு கீறல். பதினைந்து வருடத்துக்கு முந்தையது.

"பத்து மணிக்கு ஷோரூம்லருந்து ஆள் வர்றாரும்மா" என்றான் அமலன். "பாத்துட்டு வெல சொல்லுவாரு. அடுத்த மாசம் எஃப்.சி. முடியுது. இம்புட்டுப் பழைய வண்டியக் கொண்டுபோயி பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி நிறுத்திக் கெஞ்சிக்கிட்டு நிக்கிறதுக்கு, எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டுப் புதுசு எடுத்துருவோம். அதும் கொரியா வண்டிதான். அப்பாவுக்குப் பிடிச்ச கம்பெனிதான்."

"புது வண்டி எங்க நிக்கும்?"

"ஓசூர்லதான். எனக்கு ஃபாக்டரிக்குப் போக வர ஆகும். நீ எங்கயாச்சும் போகணும்னா ஒரு ஃபோன் போடு. அங்கருந்தே டாக்சி புக் பண்ணி வாசல்ல நிறுத்துறேன்."

பதினைந்து நாளைக்கு முன்னால் அவன் போனில் இதைக் கேட்டபோதே ஐரின் சரி என்று சொல்லிவிட்டாள். ஒரு மறுப்பும் இல்லாமல் அவள் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது அவனுக்கே ஆச்சரியம். "நெசமாத்தான் சொல்றியா? அப்பா வண்டிம்மா" என்று இரண்டு தடவை கேட்டான். அப்பா வண்டி. ஆமாம், எல்லோருக்கும் அது அப்பா வண்டிதான்.

கிளெமென்ட் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவர். ஒரு சட்டைத்துணி எடுப்பதற்கே நான்கு கடை ஏறி இறங்குகிற மனிதர், கார் வாங்க எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். திண்டுக்கல்லில் யார் யார் என்ன வண்டி வைத்திருக்கிறார்கள், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது, ஒரு கண்ணாடி உடைந்தால் என்ன செலவு என்று வீடு வீடாகப் போய் விசாரித்தார். கடைசியில் சாண்ட்ரோ என்று முடிவானது. "கூரை உசரம்டி. வேட்டி கட்டிக்கிட்டு, தலை குனியாம ஏறலாம். குடுத்த காசுக்கு ஒரு ரூபா வீண் போகாது" என்றார். வண்டி வந்த அன்றே கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாமியாரைக் கொண்டு தீர்த்தம் தெளித்து மந்திரித்து, கண்ணாடியில் ஆரோக்கிய மாதாவின் செபமாலையைத் தொங்கவிட்டார்.

முதலில் ஐரினும் ஓட்டினாள். அவள் நிலக்கோட்டைக்காரி. அவளுடைய அப்பா பூ வேன் வைத்திருந்தார். விடியற்காலையில் தோட்டம் தோட்டமாக நின்று மல்லிகை மூட்டை ஏற்றி மார்க்கெட்டில் சேர்க்கிற வேன். அந்த வேனில், வண்டித்தடத்தில், பதினாறு வயதிலேயே அவள் கியர் மாற்றப் பழகியிருந்தாள். கிளெமென்ட் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கற்றுக்கொண்டவர். இரண்டு பேரில் யார் நன்றாக ஓட்டுவார்கள் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அதைப் பேசிக்கொண்டதில்லை.

அந்த வருடம் ஈஸ்டர் காலைப் பூசை முடிந்து, கோயில் கேட்டிலிருந்து ஐரின் வண்டியை வெளியே எடுத்தாள். அந்தக் கோயில் பங்கு மக்கள் மொத்தமும் நின்று பார்த்தார்கள். தூணுக்கும் வண்டிக்கும் தாராளமாக இடம் இருந்தது. பக்கத்து சீட்டில் இருந்த கிளெமென்ட் என்ன நினைத்தாரோ, "ஏய், ஏய்" என்று ஸ்டியரிங்கில் கை வைத்து இழுத்துவிட்டார். கிரீச்சென்று ஒரு சத்தம். அவருடைய அண்ணன் ஆண்டனிராஜ் கூட்டத்திலிருந்து முன்னால் வந்து, "தம்பி, சாவிய நீ வச்சுக்கப்பா. இல்லாட்டி அடுத்த ஞாயிறு சாமியார் மேலயே ஏத்தீருவா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கிளெமென்டும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவள் முன்னால் உள்ளங்கையை விரித்து நீட்டினார். ஐரின் சாவியை அதில் வைத்தாள்.

ஸ்டியரிங்கை இழுத்தது யார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அதற்கப்புறம் வண்டியில் அவளுடைய இடம் இடது பக்கம். ஜன்னலுக்கு மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவர் எப்போது கியர் மாற்றத் தவறுகிறார் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்த ஜூலையில் திருச்சி ஹாஸ்டலில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அமலனுக்கு மஞ்சள் காமாலை வந்து, பிழைப்பானா என்று ஆகிவிட்டது. பிழைத்தான். மூன்று வருடம் வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன் என்று கிளெமென்ட் மாதாவிடம் நேர்ந்துகொண்டார். ஆகஸ்ட் இருபத்தொன்று காலை, காவி வேட்டியும் தோளில் பையுமாகப் பங்குக் கூட்டத்தோடு கிளம்பினார். எட்டு நாள் நடை. இருபத்தொன்பதாம் தேதி கொடியேற்றம் பார்த்துவிட்டு அன்று ராத்திரியே பஸ். மொத்தம் ஒன்பது நாள்.

முதல் இரண்டு நாள் ஐரின் வண்டியைப் பார்க்கவே இல்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, டிபன் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, டூப்ளிகேட் சாவியை எடுத்தாள். தொலைந்துபோனதாக வீட்டில் எல்லோரும் நம்பிய சாவி அது. அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்கும் கோணமானிக்கும் நடுவில் இருந்தது. அவள் கணக்கு டீச்சர். அந்தப் பெட்டியை அவளைத் தவிர யாரும் திறப்பதில்லை.

பெரிதாக எங்கேயும் போகவில்லை. நாலுவழிச் சாலையில் சின்னாளபட்டி தாண்டிக் கொடைரோடு வரை போனாள். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, டீயை வண்டிக்குள்ளேயே வாங்கிக் குடித்தாள். ஒரு ரயில் வந்து நின்று போனது. யாருக்கும் சோறு எடுத்து வைக்க வேண்டியதில்லை. யாருடைய பிள்ளைக்கும் பின்னத்தை விளக்க வேண்டியதில்லை. அந்த அரைமணி நேரத்தில் அவள் யாருக்கும் எதுவுமாக இல்லை. இது என்ன சந்தோஷம் என்று அவளுக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. பெயர் தெரியாததாலேயே அது பாவம் என்று பட்டது.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாள், பக்கத்து வீட்டு சைனம்பு காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்ன டீச்சரு, அண்ணன் மாதாவப் பாக்கப் போனா நீங்க ஊரப் பாக்கப் போறீக போல?"

ஐரினுக்கு உயிரே போய்விட்டது. "சைனம்பு, யார்கிட்டயும்..."

"நான் எதுக்குச் சொல்றேன்? ஆனா சும்மா இருக்க முடியாது. நாளைக்கு என்னயும் கூட்டிட்டுப் போகணும். இல்லாட்டி வாய் அரிக்கும்."

அப்படி இரண்டு பேருமாகச் சிறுமலைக்குப் போனார்கள். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் சைனம்பு கண்ணை மூடிக்கொண்டு ஓதினாள். மேலே போய்ச் சேர்ந்ததும் கண்ணைத் திறந்து, "ஏம் டீச்சரு, அதுக்குள்ள வந்துருச்சா?" என்றாள்.

ஒன்பதாம் நாள் ஐரின் கவனமாகத் தடயத்தை அழித்தாள். வழக்கமான பெட்ரோல் பங்க் வேண்டாம் என்று வத்தலகுண்டு ரோட்டில் யாருக்கும் தெரியாத ஒரு பங்கில் டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டாள். போகும்போது அவர் ஃபுல் செய்துவிட்டுத்தான் போயிருந்தார். முள் அதே இடத்துக்கு வந்தது. மிதியடியை உதறினாள். சீட்டை அவர் உயரத்துக்குப் பின்னால் தள்ளினாள். தார்ப்பாய் போட்டு மூடினாள். எல்லாம் சரி.

எது சரியில்லை என்பது இரண்டு ஞாயிறு கழித்துத் தெரிந்தது. பூசைக்குப் பிறகு அண்ணன் குடும்பமும் பங்குப் பேரவை ஆட்கள் இரண்டு பேரும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். கிளெமென்ட் டாங்குக்கு டாங்க் மைலேஜ் எழுதுகிறவர். கடைசி ஃபுல்லிலிருந்து இந்த ஃபுல் வரை எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர், வகுத்தால் எத்தனை. அதற்கென்று ஒரு நோட்டு டேஷ்போர்டில் இருந்தது. அன்றைக்கு அவர் இலையில் கையை வைத்துக்கொண்டு, பெருமிதம் தாங்காமல், "இருபத்தஞ்சு குடுத்துருக்கு அண்ணே!" என்றார்.

"என்னது?"

"லிட்டருக்கு இருபத்தஞ்சு. போன மாசம் வரைக்கும் பதினாறு, பதினாறரை. நோட்டப் பாருங்க, கணக்கு பொய் சொல்லாது."

தொட்டுக்கொள்ள வெஞ்சனம் பரிமாறிக்கொண்டிருந்த ஐரினின் கை கரண்டியோடு நின்றது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட போடுகிற கணக்கு. அவள் ஓட்டிய கிலோமீட்டர் அவர் கணக்கில் ஏறிவிட்டது. அவள் போட்ட பெட்ரோல் ஏறவில்லை. பெட்ரோல் முள்ளை மட்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தவள், முன்னால் மட்டுமே ஓடத் தெரிந்த மீட்டரை மறந்துபோனாள். கணக்கு டீச்சர்!

"மாதா புண்ணியம்" என்றார் ஆண்டனிராஜ். "ஒம்பது நாள் எஞ்சினுக்கு நல்ல ஓய்வு. அதான்."

"கொரியாக்காரன் எஞ்சின் அப்பிடி" என்றார் கிளெமென்ட். பிறகு அந்தக் கதையை ஆரம்பித்தார். எங்கேயோ பத்திரிகையில் படித்த கதை. அதற்கப்புறம் வருகிற விருந்தாளிக்கெல்லாம் அதைச் சொன்னார். அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவன் ஒரு விவசாயி மகன். அப்பா மாடு விற்று வைத்திருந்த காசைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்கு ஓடிவிட்டான். அரிசிக்கடையில் நின்றான், பட்டறை போட்டான், பாலம் கட்டினான், கப்பல் கட்டினான், கடைசியில் கார் பண்ணினான். வயது எண்பதைத் தாண்டிய பிறகு ஆயிரத்தொரு மாடுகளை லாரிகளில் ஏற்றி, வட கொரியா எல்லையைக் கடந்து போய், தான் பிறந்த பக்கத்துச் சனங்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தான். அதே வருடம்தான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலையிலிருந்து முதல் சாண்ட்ரோ வெளியே வந்தது.

"ஒரு மாட்டுக்கு ஆயிரத்தோரு மாடு! திருடுனாலும் அப்பிடித் திருடணும்" என்று முடித்து, கிளெமென்ட் ஐரினைப் பார்த்து, "ரசம் ஊத்து" என்பார். ஐரின் குனிந்து ஊற்றுவாள்.

அவருடைய பேச்சை நம்பிக் கோயில் பங்கில் நான்கு குடும்பம் அதே வண்டியை வாங்கியது. சைனம்புவின் புருஷன் கிதர் முகம்மதுவும் வாங்கினார். தோல் வியாபாரி. யாரிடமும் ஏமாறாதவர். மூன்று மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாசலில் வந்து நின்றார். "வண்டியக் குத்தம் சொல்ல முடியாது கிளெமென்டு அண்ணே. போட்ட காசுக்கு மேல உழைக்குது. ஆனா பதினாறுக்கு மேல ஒரு சொட்டு குடுக்க மாட்டேங்குதே! ஒங்க வண்டி பெட்ரோல்ல ஓடுதா, செபத்துல ஓடுதா?" சுவருக்கு அந்தப் பக்கம் சைனம்பு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தது ஐரினுக்கு மட்டும் கேட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அடுத்த வருடமும் ஆகஸ்ட் வந்தது. நேர்த்தி மூன்று வருடம்தான். ஆனால் கிளெமென்ட் நான்காம் வருடமும் கிளம்பினார், ஐந்தாம் வருடமும் கிளம்பினார். கொரோனா வந்த இரண்டு வருடம் நீங்கலாக மொத்தம் பன்னிரண்டு நடை. ஒவ்வொரு தடவையும் கிளம்புவதற்கு முதல் நாள் நான்கு டயருக்கும் காற்று பிடித்து, டாங்கை ஃபுல் செய்துவைத்தார். "நிக்கப் போற வண்டிக்கு எதுக்குங்க காத்து?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். "நின்னா டயர் அமுங்கும்" என்றார். பாவம், மனிதர் இப்படி வெள்ளந்தியாக இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டாள். அவர் கால் கொப்புளிக்க நடக்கிறார், நான் அவர் வண்டியைத் திருடி ஓட்டுகிறேன். சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் இதைச் சொன்னதில்லை. சொன்னால் இனிச் செய்யமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கடைசி ஆகஸ்டில் அவளுக்குக் காய்ச்சல். ஒன்பது நாளும் தார்ப்பாயை விலக்கவில்லை. கிளெமென்ட் வந்து சேர்ந்ததும், வழக்கம்போலத் தார்ப்பாயை விலக்கி வண்டிக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தோள்பையை இறக்காமலே வாசலில் நின்று, "என்ன, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். யார் சொன்னார்கள் இவருக்கு என்று அவள் யோசித்தாள். முகத்தில் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த பிப்ரவரியில் மாரடைப்பு. அதற்கப்புறம் வந்த ஆகஸ்டில் வண்டி அவள் வீட்டிலேயே, அவள் கைக்கெட்டும் தூரத்திலேயே நின்றது. கேட்க யாரும் இல்லை. ஆனால் சாவியை எடுக்கக் கை வரவில்லை. ஒளிந்து ஓட்டுவதற்கு, யாருக்கு ஒளிகிறோமோ அந்த ஆள் வேண்டுமே. இனி ஓட்டினால், அவர் போனதைக் கொண்டாடுகிற மாதிரி ஆகிவிடும்.

ஷோரூம்காரர் பத்தேகாலுக்கு வந்தார். முகமது ரஃபீக் என்று பெயர் சொன்னார். முப்பது வயதிருக்கும். கையில் டேப்லெட். வண்டியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார், எஞ்சினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். பேட்டரிக்கு அமலன் காலையிலேயே சார்ஜ் ஏற்றியிருந்தான்.

"சொல்லக் கூடாது சார், வெல ஏறிரும்" என்று சிரித்தார். "ஆனா வச்சிருக்க மாதிரி வச்சிருக்காக. ஒரே ஓனர். சத்தமே இல்ல. இந்தச் சாண்ட்ரோக்காரக பூராம் இப்பிடித்தான், குடுக்க மனசே வராது. இந்தக் கீறல் மட்டும் எப்பிடி?"

"அம்மா பண்ணுனது" என்றான் அமலன். "பெரியப்பா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

ஐரின் படியில் நின்றபடியே கீறலைப் பார்த்தாள்.

"ரெண்டு சாவியும் இருக்கா சார்? ஒண்ணுதான்னா கொஞ்சம் கொறப்பாக."

"இன்னொண்ணு அப்பவே தொலஞ்சு போச்சு. ஆர்.சி. புக்கு டேஷ்போர்டுல இருக்கும், இருங்க" என்று அமலன் குனிந்து பெட்டியைத் திறந்தான். ஆர்.சி.யோடு அந்த நோட்டும் வந்தது.

பதினைந்து வருடமாக ஐரின் அந்த நோட்டைத் தொட்டதில்லை. தொட்டால் தன் கைரேகை அதில் பதிந்துவிடும் என்பது போல ஒரு பயம். அதை எடுத்து எரித்திருக்கலாம். பதினோரு மாதம் இருந்தது. தோன்றவில்லையே.

"அடேங்கப்பா, நோட்டே போட்டு வச்சிருக்காரா!" என்றார் ரஃபீக்.

"அப்பா அப்பிடித்தான். இருங்க, பாருங்க. பதினாறு புள்ளி மூணு. பதினாறு புள்ளி அஞ்சு. பதினாறு... இருபத்தஞ்சு!"

"இருபத்தஞ்சா? வித்த எங்களுக்கே அம்புட்டுச் சொல்ல வாய் வராது சார்."

"வருசத்துக்கு ஒருக்கா வருது. எல்லாம் செப்டம்பர்ல." அமலனின் நெற்றி சுருங்கியது. அவன் இன்ஜினீயர். ஒரு நிமிடம் ஆகாது அவனுக்கு. ஐரின் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடலாமா, அவனாகக் கண்டுபிடிப்பதற்குள்? அப்பா பெருமையடித்ததெல்லாம் நான் போட்ட பெட்ரோல் என்று இந்த அந்நியர் முன்னால் சொல்லிவிடலாமா?

அமலன் நோட்டைத் திருப்பினான். கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினான். புரட்டிக்கொண்டே இருந்தவன் நின்றான்.

"அம்மா" என்றான். குரல் மாறியிருந்தது. "நீ வண்டி ஓட்டுவியா?"

அவன் சத்தமாக வாசித்தான்.

"ஆகஸ்ட் இருபது மாலை, மூவாயிரத்து நானூத்திப் பன்னெண்டு. ஆகஸ்ட் முப்பது காலை, மூவாயிரத்து அறுநூத்தி இருபத்தாறு. ஐரின் ஓட்டியது, இருநூத்திப் பதினாலு."

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றது.

"அடுத்த வருசம். ஐரின் ஓட்டியது நூத்தி எண்பத்தேழு. சீட்டுக்கு அடியில் மல்லிகை மொட்டு. நிலக்கோட்டை போயிருக்கிறாள். அதுக்கடுத்தது, ஐரின் ஓட்டியது இருநூத்தி நாப்பது. பிரேக் லேசாகச் சத்தம். அடுத்த ஆகஸ்டுக்கு முன்னால் மாற்ற வேண்டும். என்னம்மா இது?"

ஐரின் படி இறங்கி வந்து நோட்டை வாங்கிக்கொண்டாள். மூக்குக் கண்ணாடியை இழுத்துவிட்டுக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக வண்டிக்குள் உட்கார்ந்தாள். எந்தப் பக்கத்துக் கதவு என்று அவள் பார்க்கவில்லை. உட்கார்ந்த பிறகுதான் கைக்கு எதிரே ஸ்டியரிங் இருந்தது தெரிந்தது.

அவருடைய சின்னச் சின்ன, வங்கிக் கையெழுத்து. பன்னிரண்டு ஆகஸ்ட். ஒவ்வொரு வருட முடிவிலும் ஒரு வரி: ஐரின் ஓட்டியது நீங்கலாக, சராசரி 16.3. நீங்கலாக, 16.4. அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் ஆகஸ்டிலிருந்தே. இலை முன்னால் உட்கார்ந்து இருபத்தைந்து என்று ஊரைக் கூட்டிப் பெருமையடித்தாரே, அது அவளுக்காகச் சொன்னது. கரண்டியோடு நின்ற கையைப் பார்த்துக்கொண்டே சொன்னது. அந்த மாடு திருடியவன் கதையும், ரசம் ஊற்று என்பதும்! இத்தனை வருடம் ஒரு மனிதர் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கடைசி வரி வந்தது. ஐரின் ஓட்டியது 0. ஏன்?

தோள்பையை இறக்காமல் வாசலில் நின்ற ஆள் கண்முன்னால் வந்தார். ஐரின் அழப்போகிறோம் என்று நினைத்தாள். வந்தது சிரிப்பு. முதலில் மூக்கு வழியாக, பிறகு தோள் குலுங்க. எங்கேயோ வருடக்கணக்காக மடங்கிக் கிடந்த ஒன்று நிமிர்ந்து மூச்சு விட்டது. அவரை ஏமாற்றவில்லை. ஏமாற்ற முடியவில்லை. இது எவ்வளவு பெரிய நிம்மதி!

சிரித்து ஓய்ந்ததும் இன்னொன்றும் தோன்றியது. அதையும் அவள் தள்ளிவிடவில்லை. தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை? "இந்தா, சாவி, போயிட்டு வா" என்று ஒரு வார்த்தை. அண்ணன் சிரிப்பார் என்றா? கேட் தூணில் வண்டி உரசியது யாரால் என்று சொல்ல வேண்டிவரும் என்றா? காற்று பிடித்து, பெட்ரோல் போட்டு, பிரேக் மாற்றி, ஒன்பது நாளை அவளுக்குக் கொடுத்த மனிதர், மற்ற முந்நூற்று ஐம்பத்தாறு நாளையும் தானே வைத்துக்கொண்டார். மூன்று வருட நேர்த்தி பன்னிரண்டு நடையானது எதற்காக என்பது அவருக்கும் மாதாவுக்கும் மட்டும் தெரிந்தது. அதில் அவள் தலையிடப் போவதில்லை. ஆனால் அவரும் அவளிடம் ஒன்றை ஒளித்தார், அவளும் அவரிடம் ஒன்றை ஒளித்தாள். யாரும் யாருக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது.

"டீச்சரு!" சைனம்புவின் தலை சுவருக்கு மேலே இருந்தது. "அல்லா மேல சத்தியமா நான் சொல்லல. அண்ணன் ஒருக்கா கேட்டாரு, சிறுமலை ரோடு நல்லாருக்கான்னு. எனக்கு எப்பிடித் தெரியும்ணேன்னுட்டு உள்ள ஓடிட்டேன்."

"எப்பக் கேட்டாரு?"

"அது ஆச்சு, பத்து வருசம். உங்ககிட்டச் சொன்னா நீங்க பயந்துபோயி வண்டியத் தொடாம விட்டுருவீக. அப்புறம் என்னய யாரு கூட்டிட்டுப் போவா?"

ரஃபீக் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். அமலன் மட்டும் சிரிக்கவில்லை. வண்டியையும் அம்மாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். ஓசூரிலிருந்து தான் போனில் விசாரித்துக்கொண்டிருந்த அந்த அம்மா எங்கே என்று தேடுகிறவன் போல இருந்தது.

ஐரின் இறங்கி வீட்டுக்குள் போனாள். அலமாரியிலிருந்து ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துத் திறந்தாள். காம்பஸுக்கும் கோணமானிக்கும் நடுவில் அது இருந்தது. வெளியே வந்தாள்.

"அட, ரெண்டாவது சாவி!" என்றார் ரஃபீக் சந்தோஷமாக. "அப்ப ஃபுல் வெல போட்டுறலாம் டீச்சர். ஒரு கையெழுத்து மட்டும்."

"இத்தன வருசம் இதுலயா இருந்துச்சு?" அமலன் கடைசியாகச் சிரித்துவிட்டான். "நீ பலே ஆளும்மா. அப்பாவ விட நீதான் பெரிய திருடி. சரி, குடு. சாருக்கு வேற எடத்துக்கும் போகணும்." சொல்லிக்கொண்டே உள்ளங்கையை விரித்து நீட்டினான்.

அதே கை. அதே நீட்டல். விரல் நுனி லேசாக மேல்நோக்கி வளைவதுகூட அவருடையதுதான். ஐரின் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பாசத்தோடு பார்த்தாள். பிறகு தன் கையால் மெதுவாக அவன் விரல்களை மடக்கிவிட்டாள்.

"புதுசு உனக்கு வேணும்னா வாங்கிக்கப்பு. நல்லா வாங்கு" என்றாள். "இது வேண்டாம். இத நானே எஃப்.சி. காட்டிக்கிறேன்."

"அம்மா, வெளையாடாத. பதினஞ்சு வருச வண்டி. பாஸாகலைன்னா?"

"ஆகும்."

"சரி, அப்பச் சாவியக் குடு. சாரக் கொண்டுபோயி மெயின் ரோட்டுல விட்டுட்டு வாரேன். வண்டியும் கொஞ்சம் ஓடுன மாதிரி இருக்கும்."

ஐரின் தலையை அசைத்தாள். வேண்டாம் என்கிற மாதிரி, ரொம்ப லேசாக. ரஃபீக்குக்காகப் பின்கதவைத் திறந்துவிட்டாள். வலது பக்கமாகச் சுற்றிப் போய் உட்கார்ந்து, சீட்டைக் கிளெமென்டின் உயரத்திலிருந்து தன் உயரத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டாள்.